மச்சானுக்கு ஆடித் தள்ளுபடி

கிணறு வெட்டும்போது தண்ணீர் ஊறிவிட்டதே, நனைந்துபோவோமே என்று பாதியில் ஏறி வந்த புத்திசாலிகளின் ஊர் அரைக்கிணத்துப்பட்டி. அந்த ஊர் மாசிலாமணியின் கையில் காசு தங்காது. வீட்டுக் கூரையில் ரெண்டு பெரிய ஓட்டை.

"மழைக்குள்ள கூரை மாத்தலன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி பூங்காவனம் சொல்லிவிட்டாள். மாசிலாமணி யோசித்துப் பார்த்தான். அவள் போய்விட்டால் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைப்பது யார்?

கூரை வேய மச்சான் வீரபத்திரன் இருந்தான். ஓலை வாங்கத்தான் பணம் சேரவில்லை. "பணத்தைக் கட்டிக் காக்கிறதுக்குன்னே நல்ல புத்தகம் இருக்குய்யா. வாங்கிப் படி, அதுல சொன்னபடி நட" என்றார் தபால்காரர். மாசிலாமணி மச்சானையும் கூட்டாளி உத்தண்டியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினான்.

கடையில் அப்படிப்பட்ட புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன.

"குண்டா இருக்கறதை எடுப்போம்" என்றான் வீரபத்திரன்.

"சிக்கனம் தெரிஞ்சவன் பேப்பரை இப்படி வாரி இறைப்பானா?" என்றான் உத்தண்டி. நியாயம்தானே! இருப்பதிலேயே ஒல்லியானதை எடுத்தார்கள். விலை முந்நூறு. முதல் பக்கத்தைப் பிரித்தால், 'எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைந்த விலைக்கே வாங்குங்கள்' என்று இருந்தது.

"பாத்தியா, வாங்கறதுக்கு முன்னாடியே வேலை செய்யுது!" என்றான் மாசிலாமணி.

வீரபத்திரனைக் கடையில் அடகு வைத்துவிட்டுப் புத்தகத்தோடு கிளம்பினார்கள். உரக்கடைக்காரர் முறைத்தார். தையல்காரர் அளவு கேட்டார். பழைய பேப்பர் கடைக்காரர்தான் தராசில் போட்டு, "மூணு ரூபா" என்றார். மாசிலாமணி சந்தோஷமாக விற்றான். உடனே அதே புத்தகத்தை விலைக்குக் கேட்டான். அவர் பத்து ரூபாய் என்றார். முந்நூறு ரூபாய்ப் புத்தகம் பத்து ரூபாய்க்குக் கிடைத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சானை மீட்கப் போனால், புத்தகக் கடைக்காரர் முந்நூறு கேட்டார்.

"மூணு கடையில விசாரிச்சியா?" என்றான் உத்தண்டி.

மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுபடி போய் மச்சானின் விலையை விசாரித்தார்கள். உரக்கடைக்காரர் கதவைச் சாத்தினார். தையல்காரர் கும்பிட்டார். பேப்பர் கடைக்காரர், "சும்மா குடுத்தாலும் வேணாம்" என்றார்.

"அப்போ முந்நூறு கொள்ளை விலை!" என்றான் மாசிலாமணி, புத்தகக் கடைக்குத் திரும்பி வந்து.

"ஏமாந்துடாதீங்க மாமா" என்றான் வீரபத்திரன், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "ஆடி பொறக்கட்டும். தள்ளுபடி போடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் பூங்காவனம், "என் தம்பி எங்கே?" என்றாள். விஷயத்தைச் சொன்னான். "சரி, வாங்கும்போது அடிபடாம இருக்கான்னு திருப்பிப் பாத்து வாங்குங்க" என்றாள். அவளும் வீரபத்திரன் கூடப் பிறந்தவள்தானே.

அங்கே கடைக்காரர் பாடு திண்டாட்டம். அவர் டிபன் பாக்ஸை வீரபத்திரனே தினமும் காலி செய்தான். "பணமே வேணாம், போயிடுப்பா" என்று கெஞ்சினார். "மாமா பேரு கெட்டுடும்" என்று அவன் அசையவில்லை.

ஆடி பிறந்தது. கடை வாசலில் பலகை தொங்கியது: 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.' மாசிலாமணி உத்தண்டியோடு போய், ஓலைக்கென்று அதுவரை சேர்த்திருந்த முந்நூறை எண்ணிக் கொடுத்து மச்சானை வாங்கினான். கடைக்காரர் இலவசமாக ஒரு புத்தகத்தை நீட்டினார்.

"ஆளை வாங்கினா ஆளைத்தான் குடுக்கணும்" என்றான் உத்தண்டி. கடையில் வேறு ஆள் இல்லை. கடைக்காரரையே ஆளுக்கொரு கையாகப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"ஓலை எங்கே?" என்றாள் பூங்காவனம்.

"ஓலை எதுக்கு? ஓட்டை ரெண்டு, ஆளு ரெண்டு" என்றான் மாசிலாமணி.

சாயங்காலமே மழை கொட்டியது. ஒரு ஓட்டையின் மேல் வீரபத்திரன் படுத்தான். இன்னொன்றின் மேல் கடைக்காரரைப் படுக்க வைத்து, 'கிடைத்த சலுகையை நழுவ விடாதீர்கள்' என்று புத்தகத்தில் இருந்ததால், கயிற்றால் கட்டினார்கள். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேலே கடைக்காரர் போட்ட கூச்சல்தான் கொஞ்சம் தொந்தரவு.

பூங்காவனத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனாலும் பெண்பிள்ளைக்கு முன்யோசனை உண்டே. "மூணாவதா ஒரு ஓட்டை விழுந்தா?" என்று கேட்டாள்.

"தீபாவளித் தள்ளுபடி வருதில்ல" என்றான் மாசிலாமணி.