பலகையில் வைத்த கை

"ஒண்ணுலகூட உயிர் இல்ல, டீச்சர்."

சத்தியநேசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

லில்லியன் டீச்சர் அவரைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் பியானோவில் அவருக்கு முதல் கட்டையைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது இருவருக்கும் நரைத்துவிட்டது. டீச்சர் என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை.

"எங்கெங்க பாத்தீங்க?"

"பாளையங்கோட்டையிலயும் ஜங்ஷன்லயும் ஒரு கடை பாக்கி இல்ல."

"பியானோ பாக்கப் போனீங்களா, பொண்ணு பாக்கப் போனீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

மனைவி பியூலா போன பிறகு, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்லியிருந்தாள். மூன்றாம் மாடி, குறுகிய படி, சின்ன அறை. அவருடைய மரப் பியானோ அங்கே ஏறாது. சபைப் பள்ளிக்கூடத்தார் சனிக்கிழமை வந்து அதை எடுத்துப் போகிறார்கள். அதற்குள் கரண்டில் வாசிக்கிற டிஜிட்டல் பியானோ ஒன்று அவருக்கு வேண்டும்.

"அமையலன்னா?"

"விட்டுடறேன். வாசிச்சது போதும்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பியூலாவை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவர் வீட்டுப் பியானோவின் மூடி திறக்கவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் இருவரும் ஜங்ஷன் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்குச் சத்தியநேசன் ஏற்கெனவே பழக்கம்.

"வாங்க சார். இன்னைக்கு இதைப் பாருங்க. ஒரு ஆளே தூக்கிரலாம். கட்டையெல்லாம் எடை வச்சது, மரப் பியானோ மாதிரியே அழுத்தும்."

சத்தியநேசன் உட்கார்ந்தார். ஒரு கட்டையைச் சத்தம் வராத அளவுக்கு மெதுவாக அழுத்தினார். பிறகு சத்தம் வரும் அளவுக்கு. அதையே வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டினார். பெடலை மிதித்துப் பாதியில் நிறுத்திக் கேட்டார்.

"கட்டை எப்படி?" என்று கேட்டார் டீச்சர்.

"நல்லாத்தான் இருக்கு."

"நாதம்?"

"குறை சொல்ல முடியாது."

"பெடல்?"

"தரையில வழுக்குது. அடியில எதையாவது போட்டாச் சரியாயிரும்."

"அப்புறம் என்ன?"

"தம்பி" என்று அவர் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் தானாகவே வந்து, பியானோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சத்தியநேசன் இரண்டு கையாலும் அழுத்தி வாசித்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார். நேத்தும் இதைத்தான் கேட்டீங்க."

"பாத்தீங்களா டீச்சர்?" என்று அவர் எழுந்துவிட்டார்.

வெளியே, வெயிலில் நின்று சொன்னார்.

"பியூலாவுக்குக் காய்ச்சல்ல காது போச்சே, அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் பியானோவுக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்குவா. பக்கப் பலகையில கையை வச்சுக்குவா. நான் முடிச்சதும், 'எல்லாம் கேட்டுச்சு'ம்பா. மரம், டீச்சர். அது வழியா அவளுக்கு அத்தனையும் போச்சு. இந்தப் பிளாஸ்டிக்ல என்ன போகும்?"

"பியூலா இப்ப இல்லையே."

"இல்லதான். அவளுக்கு எட்டாத பொட்டியில நான் எப்படி வாசிப்பேன்?"

டீச்சர் அவருடைய கைகளைப் பார்த்தார்.

"அந்தப் பலகையில நீங்க கை வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"நான் எப்படி வைப்பேன்? என் ரெண்டு கையும் கட்டையிலல்ல இருந்துச்சு?"

டீச்சர் ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். சத்தியநேசனுடைய வீட்டுக்கு வழி சொன்னார். நடுவில் ஒரு மருந்துக்கடையில் இறங்கிப் பஞ்சு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பாதிச் சாமான்கள் கட்டிக் கிடந்தன. கொடுத்துவிட வேண்டியவை வராந்தாவில் இருந்தன. அவற்றுக்கு நடுவில் பியூலாவின் நாற்காலியும் இருந்தது.

டீச்சர் அதைத் தூக்கி வந்து பியானோவுக்கு இடப்பக்கம் போட்டார்.

"உக்காருங்க."

"நானா?"

"புதுப் பொட்டியில பியூலாவுக்குக் கேக்குமா கேக்காதான்னு அப்புறம் பாப்போம். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். டீச்சர் அவருடைய காதுகளில் பஞ்சைத் திணித்தார். அதன் மேல் ஒரு துண்டை மடித்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"பல்வலிக்காரன் மாதிரி இருப்பேனே" என்றார் அவர், உரக்க. "பியூலா பாத்தாச் சிரிப்பா."

டீச்சர் அவருடைய கையை எடுத்துப் பலகையில் வைத்தார். பலகையில் அந்த இடத்தில் மட்டும் மெருகு போயிருந்தது.

பிறகு மூடியைத் திறந்து வாசித்தார்.

என்ன வாசிப்பார் என்று சத்தியநேசனுக்குத் தெரியும். பியூலாவுக்குக் காது போன வருஷம் அவளுக்கென்று அவரே கட்டிய மெட்டு. தினமும் கடைசியாக அதைத்தான் வாசிப்பார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இடது கையின் கனத்த சுரங்கள் வந்தன. எங்கோ பக்கத்துத் தெருவில் லாரி போவதுபோல, மந்தமாக, உள்ளங்கைக்குள் வந்தன.

பிறகு அதுவும் நின்றது.

அவர் கையை இன்னும் அழுத்தினார். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். கன்னத்தையும் வைத்தார்.

கண்ணைத் திறந்தார். அந்த நாற்காலியிலிருந்து கட்டைகள் தெரியவில்லை. பலகை மறைத்தது. டீச்சரின் முகம் மட்டும் தெரிந்தது.

முடிந்ததும் டீச்சர் துண்டை அவிழ்த்தார். பஞ்சை எடுத்தார்.

"என்ன தெரியுது?"

"நடுவுல நிறுத்திட்டீங்களா?"

"இல்லையே."

"மேல் கட்டை எதுவும் வரல."

"ம்."

"மெட்டே அங்கதான் இருக்கு, டீச்சர். அத்தனையும் வலது கை. மேல, மேல போகும். அவளுக்காகத்தான் அப்படிக் கட்டினேன்."

"தெரியும். எனக்கு வாசிச்சுக் காட்டினீங்களே."

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கேட்டுச்சுன்னு சொன்னா. தினம் சொன்னா. இங்கேருந்து பாத்தா வாசிக்கிறவங்க முகம் மட்டுந்தானே தெரியுது."

டீச்சர் மூடியைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனார். அவரைக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை ஆட்கள் வந்து பியானோவைத் தூக்கிப் போனார்கள். வராந்தாவில் இருந்ததையும் நாற்காலியையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

"அந்த நாற்காலி மட்டும் இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போனார். டீச்சர் கூட வரவில்லை. கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து வந்து, ஒரு பியானோவின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கையை எடுங்க தம்பி."

"ஏன் சார், இன்னைக்கு வாசிச்சுப் பாக்கலையா?"

"இருக்கறதுல சின்னது எது?"

"சின்னதா? பெரிசு பெரிசாத்தானே பாத்தீங்க?"

"ரூம் சின்னது. இடப்பக்கம் ஒரு நாற்காலி போடணும்."