முப்பிடாதியின் இலை

மடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நல்லசிவத்தின் பொறுப்பு. வயது நாற்பதாகியும் முன்கோபம் போகாத சீடர். அன்று காலையிலேயே முகம் சிவக்கக் குருவிடம் வந்து நின்றார்.

"சாமி, முப்பிடாதிய அவ மாமா வீட்டுக்கே அனுப்பிருவோம். சாயங்காலம் பஸ் இருக்கு."

முப்பிடாதிக்கு ஏழு வயது. ஆடியில் வந்தாள். கடிப்பாள், கல் எறிவாள், கேட்டால் இல்லவே இல்லை என்பாள். கொண்டுவந்து விட்ட மாமா வாசலோடு திரும்பியவர்தான், பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு என்ன செஞ்சா?"

"சின்னப் பிள்ளை கோமுவக் கடிச்சிட்டா. ஏழு வயசுலயே இப்படின்னா, பதினஞ்சு வயசுல என்ன ஆவா? நெனச்சாலே பயமா இருக்கு."

"பயம் நியாயந்தான்," என்றார் குரு. "சில பிள்ளைங்க அப்படியே வளந்தும் போகுது."

நல்லசிவம் இதை எதிர்பார்க்கவில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர்மேல் குருவிடம் புகார் சொன்னால், சொன்னவரே அடுத்த வேளை புகாருக்கு ஆளானவருக்கு இலை போட்டுப் பரிமாறி, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும். இதற்குப் பயந்தே பலர் வாயை மூடிக்கொண்டார்கள். நல்லசிவம் மட்டும் சளைக்காமல் முப்பிடாதிக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"பஸ் ஏறுமுன்ன பிள்ளை சாப்பிடணுமே. அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"ரசத்துல மல்லித்தழை கெடந்தா தொடமாட்டா, சாமி. அப்பளத்தக் கடைசி வரைக்கும் வச்சிருந்துதான் திம்பா. வந்த புதுசுல இலைய ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்குவா, யாரோ பிடுங்க வந்த மாதிரி. இப்பக் கொஞ்ச நாளா பிடிக்கிறதில்ல."

"உன்னக் கடைசியா எப்பக் கடிச்சா?"

நல்லசிவம் யோசித்தார்.

"ஆவணியில."

"இது தை மாசம். மாமா வீட்டுல அவ சாப்பிடும்போது பக்கத்துல யாரு உக்காருவா?"

நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்குக் கோபத்தைத் தேடினார். சமயம் பார்த்து அது வரவில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யணும், சாமி?"

குரு சிரித்தார். இந்த முன்கோபிமேல் அவருக்கு எப்போதுமே தனிப் பிரியம்.

"அவளுக்குப் பதினஞ்சு வயசு ஆகுற வரைக்கும் தினம் ஒரு புகாரோட வா."