ஆளுக்கு ஓர் இறகு

அரசனைக் கண்டால் காட்டுப்பன்றி ஓடிய காலம் ஒன்று இருந்ததாம். இந்தக் கதை அந்தக் காலத்தது அல்ல. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

காரைமலை நாட்டை ஒப்பிலான் என்றோர் அரசன் ஆண்டான். நல்லவன், நாட்டுக்கு வந்த கேடே அதுதான். "யார் மனமும் கோணக்கூடாது" என்பான். அவனுக்கு மந்திரிகள் மூன்று பேர். ஒருநாள் பாயசத்துக்கு மூத்தவர் வெல்லம் கேட்டார், நடு மந்திரி புளி கேட்டார், இளையவர் மிளகு கேட்டார். அரசன் மூன்றையும் ஒரே பானையில் போடச் சொல்லி, சிரித்த முகத்தோடு குடித்தான். அவ்வளவு நல்லவன்.

அந்த வருஷம் ஒரு முரட்டுப் பன்றி தினைக்கொல்லைகளைக் கிளறிப் பாழாக்கியது. காவலுக்கு இருந்த மூன்று பேரைக் கிழித்தும் போட்டது. குடிகள் வந்து அழுதார்கள். அரசன் வேட்டைக்குப் புறப்பட்டான்.

அம்புக்கு இறகு கட்டக் காடத்தி என்றொருத்தி வந்தாள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அம்பின் வாலில் மூன்று இறகுகள் கட்டவேண்டும். எந்தப் பக்கம் சாய்த்துக் கட்டுவது?

"இடப்பக்கம்" என்றார் மூத்த மந்திரி. "வலப்பக்கம்" என்றார் நடு மந்திரி. "சாய்க்கவே கூடாது, நேராகக் கட்டு" என்றார் இளைய மந்திரி. மூவரும் வில்லைத் தொட்டதே இல்லை. அதனால்தான் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது.

அரசன் முகம் மலர்ந்தது. "ஆளுக்கு ஓர் இறகு!" என்றான்.

காடத்தி பதறிப்போனாள். "சாமி, எந்தச் சாய்வு வேணும்னாலும் கட்டித் தர்றேன். ஆனா மூணும் ஒண்ணுபோல இருக்கணும். இல்லேன்னா எங்க போறோம்னு அம்புக்கே தெரியாது."

யார் கேட்டார்கள்? குறி தப்பினால் அம்பு கட்டியவரின் கட்டைவிரலை வெட்டுவது அந்நாட்டுச் சட்டம். விரல் போனால் அவள் பிழைப்பும் போகும். மந்திரிகள் பக்கத்திலேயே நின்று தங்கள் தங்கள் இறகைச் சரிபார்க்க, அவள் அழுதுகொண்டே நான்கு அம்புகளைக் கட்டினாள்.

அரசனும் மந்திரிகளும் காடத்தியையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். பன்றி எதிரே வந்தது. முதல் அம்பு புற்றில் குத்தியது. இரண்டாவது அம்பு மூத்த மந்திரியின் தலைப்பாகையைக் கொண்டுபோயிற்று. மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. அதுவரை வேடிக்கை பார்த்த பன்றி பாய்ந்து வந்தது. அரசன், மந்திரிகள், காடத்தி எல்லோரும் ஒரே நாவல் மரத்தில் ஏறினார்கள். பன்றி அடியில் படுத்துக்கொண்டது.

கிளையில் தொங்கியபடியே விசாரணை நடந்தது. "என் இறகு சரி" என்றார் மூத்தவர். "என்னுடையதும்" என்றார் நடு மந்திரி. "கட்டியவள் விரலை வெட்டுங்கள்" என்றார் இளையவர்.

"வெட்டுங்க சாமி" என்றாள் காடத்தி. "ஆனா இறகை ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சீங்களே, தண்டனையையும் அப்படியே பிரிச்சுக் குடுங்க. மந்திரிமாருக்கு ஆளுக்கு ஒரு கட்டைவிரல். யார் மனசும் கோணாது."

"ஆகா, இதுவல்லவா நியாயம்!" என்று அரசன் மகிழ்ந்துபோய் உடைவாளை உருவினான்.

மூன்று மந்திரிகளும் வாழ்நாளில் முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள்: "காடத்தி சொன்னபடியே கட்டட்டும்!"

மிச்சம் இருந்தது ஒரே அம்பு. காடத்தி இறகுகளைப் பிரித்து, மூன்றையும் இடப்பக்கமே சாய்த்துக் கட்டினாள். அரசன் எய்தான். பன்றி எழுந்திருக்கவே இல்லை.

கீழே இறங்கியதும் மூத்தவர் கறியை வறுக்கச் சொன்னார், நடு மந்திரி சுடச் சொன்னார், இளையவர் குழம்பு வைக்கச் சொன்னார். அரசன் வாயைத் திறந்தான். காடத்தி தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"குழம்பே போதும்" என்றார்கள் மூவரும்.

ஆகவே, கேட்டவர்களே, எல்லோர் மனமும் குளிரவேண்டும் என்று மட்டுமே எடுக்கிற முடிவு எந்தக் காரியத்துக்கும் உதவாது.