குண்டுமணியின் மூக்கு காய்ந்த கதை

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலத்திலே, மேழிநாட்டைச் சித்திரவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் கிறுக்கு. தினமும் கொலுவுக்குக் கிளம்புமுன் தன் நாய் குண்டுமணியின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பான். சில்லென்று ஈரமாக இருந்தால் நல்ல சகுனமாம். படையெடுப்பிலிருந்து பாயசம் வரைக்கும் அந்த மூக்கு வைத்ததுதான் சட்டம். கூத்தைப் பாருங்கள்!

ஒரு மார்கழிக் காலையில் மூக்கு சுட்டது. தொட்டால் வறட்டி மாதிரி காய்ந்து கிடந்தது. ராஜா பதறிப்போய்ச் சபைக்கு ஓடிவந்தான். இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் அரண்மனை அதிகாரி கொடுமுடியார். மந்திரி நல்லாதனின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாய்க் கண். அருகில் துரோகி இருந்தால்தான் நாய்மூக்கு காயும், நேற்று மாலை அதைத் தடவிக் கொடுத்தவர் மந்திரிதான் என்று கூசாமல் போட்டுக் கொடுத்தார்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். சபை கலைவதற்குள் மந்திரி தான் துரோகி இல்லை என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அந்தப்பக்கம் விரட்டிவிடுவேன் என்றான்.

மந்திரி அசரவில்லை. நாய் எங்கே படுத்திருந்தது என்று மட்டும் கேட்டார். கொடுமுடியார் மார்தட்டிக்கொண்டார். குளிருமே என்று பட்டு மெத்தையும், பக்கத்தில் வைக்கக் கணப்புச் சட்டியும் கொடுத்த புண்ணியவான் அவர்தானாம்.

"அந்தப் படுக்கையைக் கணப்போடு இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பிரபு. துரோகி படுத்தால் அவன் மூக்கு காய்ந்துவிடும். முதலில் ஓர் உத்தமரைப் படுக்கவைத்துப் பார்ப்போம். கொடுமுடியாரை விட்டால் நமக்கு உத்தமர் யார்?" என்றார் மந்திரி.

கொடுமுடியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெருமையாகப் போய்ப் படுத்தார். மந்திரி போர்வையை இழுத்து மூடி, கணப்பை முகத்தருகே நகர்த்தி, பதமாக விசிறியும் விட்டார். கொஞ்ச நேரத்தில் சபையே அதிரக் குறட்டை. படுக்கை பறிபோன குண்டுமணியோ குளத்துப் பக்கம் போய்விட்டது.

ராஜா கணப்பருகே குனிந்து அவர் மூக்கைத் தொட்டான். கை சுட்டது. "அட பாவி, துரோகி நீதானா?"

கொடுமுடியார் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "ஐயோ பிரபு, நெருப்புப் பக்கத்தில் தூங்கினால் யார் மூக்கும் காயத்தானே செய்யும்?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

"நாய்க்கும் அதேதான், பிரபு. விழித்திருந்தால் மூக்கை நக்கி நக்கி ஈரமாக வைத்துக்கொள்ளும். தூக்கத்தில் எங்கே நக்கும்? அதிலும் இவர் வேறு கணப்பு வைத்துவிட்டார்" என்றார் மந்திரி.

அந்த நேரம் பார்த்து, குளத்துத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்த குண்டுமணி ராஜாவின் கன்னத்தில் மூக்கை வைத்தது. சில்லென்ற சில்லிப்பில் ராஜா துள்ளிவிட்டான். மந்திரியைக் கட்டிக்கொண்டு தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். கொடுமுடியாருக்குக் கழுதை இல்லை. தினமும் விடியுமுன் குண்டுமணிக்குத் தண்ணீர் வைக்கிற உத்தியோகம் கிடைத்தது.

எல்லாரும் கலைந்தபின், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ராஜா தன் மூக்கையே தொட்டுப் பார்த்தான். கணப்புப் பக்கம் நின்ற மூக்கல்லவா, நன்றாகச் சுட்டது. திருதிருவென்று விழித்தான். பின்னால் நின்ற மந்திரி ஒரு குவளை தண்ணீரை நீட்டினார்.