இட்லிப்பொடிக்குத் தும்மிய திமிங்கிலம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சலூனில் சுவரோர நாற்காலியில் குற்றாலிங்கம் மல்லாந்து கிடந்தான். சாயங்காலம் பெண் பார்க்கப் போகிறவன். தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்திருந்தான். முகம் முழுக்கப் பச்சையாக ஃபேஸ் பேக் அப்பி, கண்ணில் வெள்ளரிக்காய் வைத்து, கழுத்துவரை துண்டைப் போர்த்திவிட்டேன். இருபது நிமிஷம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, மீறினால் பேக் வெடித்துப் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பேக் போடும்வரை அவன் பேசியதெல்லாம் அவன் அத்தானைப் பற்றித்தான்.

"பாவம்ணே எங்க அத்தான். மோட்டார் கம்பெனிக்காரன் டீலர் டூருன்னு தாய்லாந்துக்குக் கூட்டிட்டுப் போயி, நாலு நாளும் மீட்டிங் ஹால்லயே அடைச்சுப் போட்டுட்டானாம். கடலக்கூடப் பாக்கலயாம். நானும் வாரேன்னு அக்கா எவ்வளவோ கெஞ்சுனா. பொம்பளையாளுகளுக்கு அனுமதி இல்லையாம். அவரு பட்ட பாட்டக் கேட்டு அக்கா அழுது, பத்து நாளா தெனமும் நாட்டுக்கோழி அடிச்சுப் போடுதா."

அந்த அத்தான்தான் சற்று நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பம்புசெட் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. பச்சை முகத்தை ஒரு பார்வை பார்த்தார், யாரென்று தெரியவில்லை. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை என்னிடம் ஒப்படைத்தார். பெஞ்சில் ரிட்டயர்டு கண்டக்டர் கோயில்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாளா அடக்கி வச்சிருக்கேன் வே," என்றார் அண்ணாச்சி. "இன்னைக்குச் சொல்லலன்னா வயிறு வெடிச்சிரும்."

நான் தொண்டையைச் செருமினேன். கத்திரிக்கோலை வேண்டுமென்றே கீழே போட்டேன். "கைய ஒழுங்கா வச்சு வேலையப் பாரும்," என்றார்.

"தாய்லாந்துக் கடக்கரை இருக்கே, மணலு அவ்வளவு வெள்ளை. வேட்டிய அவுத்துக் கரையில வச்சிட்டுக் குளிக்க எறங்கினேன். திரும்பி வந்து பாத்தா வேட்டியக் காணோம். எங்கயும் போகல, வச்ச எடத்துலதான் கெடக்கு. மணலுக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியல. நாப்பது டீலரும் தவழ்ந்து தடவிப் பாத்து ஒண்ணரை மணி நேரங்கழிச்சுத்தான் கெடச்சுது."

"கரை வச்ச வேட்டிதானே?" என்றார் கோயில்பிள்ளை பேப்பரை இறக்காமல்.

"கரையப் பாத்துதாம்வே கண்டுபிடிச்சோம். அதுக்கப்புறம் எங்களப் படகுல ஏத்திட்டுப் போனான். கடலுக்கு நடுவுல பாறைங்க நம்ம தேர் மாதிரி செங்குத்தா நிக்கி. தண்ணி கண்ணாடி. பசிச்சுது. நமக்குதான் அங்கத்த சாப்பாடு ஆகாதே, இட்லியும் பொடியும் கட்டிக் கொண்டு போயிருந்தேன். பொட்டலத்தப் பிரிச்சேன். ஒரு துளி பொடி தண்ணில விழுந்துது. அவ்வளவுதான், ரேஷன் கடையில பாமாயில் போட்ட மாதிரி மீனு பூரா வரிசையில வந்து நின்னுட்டு. கடைசில ஒரு திமிங்கிலம்."

"அதுவும் வரிசையிலயா?"

"மரியாதை தெரிஞ்ச திமிங்கிலம் வே. ஆனா காரம் பழக்கம் இல்ல பாரும். மொளகாய்ப்பொடி மூக்குல ஏறித் தும்மிட்டு. அந்தத் தும்மல்ல படகு பறந்து, ஆயிரத்து இருநூறு படி ஏறிப் போகவேண்டிய மலைக்கோயில் உச்சியில, பெரிய தங்க புத்தர் செலைக்கு முன்னால போயி உக்காந்துட்டு."

கோயில்பிள்ளை பேப்பரை மடித்தார். "சரி. செருப்ப எங்க கழட்டினீரு?"

"நல்ல கேள்வி. பறக்கும்போதே கழண்டு, கீழ கோயில் வாசல்ல சோடியாப் போயி நின்னுது. நான் சாமியக் கும்பிட்டுட்டு அதே படகுல படிவழியா வழுக்கிட்டு எறங்கிட்டேன். கீழ வந்து பாத்தா திமிங்கிலம் காத்துக்கிட்டு நிக்கி. தும்மினதுக்கு வருத்தமாம். முதுகக் காட்டுச்சு. ஏறி உக்காந்தேன். அலையாத்திக்காட்டுப் பார்க்கு, குகை, தீவு எல்லாம் அது மேல இருந்துதான் பாத்தேன்."

இதற்குமேல் பொறுக்க முடியாமல் அவர் தலையில் கால் குவளை பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"பார்க்குக்குள்ள போகவும் கடல் வத்திட்டு. திமிங்கிலம் மணல்ல சிக்கிக்கிட்டு. காவக்காரன் தலையில கை வச்சு உக்காந்துட்டான். நான் என்ன சும்மாவா போனேன்? பையில சாம்பிளுக்குக் கொண்டு போன மோட்டாரு இருந்துது. மாட்டுனேன். எங்கயோ போயி நின்ன கடல இழுத்து உள்ள அடிச்சேன் பாருங்க, அரை மணி நேரத்துல திமிங்கிலம் மெதந்துட்டு. இன்னைக்கும் அந்தப் பக்கம் கடல் ஒரு அடி ஒசரமாத்தான் நிக்கி."

"கரண்டு?" என்றார் கோயில்பிள்ளை. ஜெயித்துவிட்ட முகம்.

"கரண்டு அடிக்கிற விலாங்கு மீன் கேள்விப்பட்டிருக்கீரா? மூணு பிடிச்சேன். த்ரீ ஃபேஸ்."

"இவ்வளவையும் நீரு மட்டும் பாத்துட்டு வந்திருக்கீரு. வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா," என்றார் கோயில்பிள்ளை.

நான் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"வந்தவன் பூரா சோடியாத்தான் வந்தான்," என்றார் அண்ணாச்சி. "அவ வந்தா என்னயத் தண்ணியில எறங்க விடுவாளா? பைய மடியில வச்சுட்டுக் கரையில உக்காருங்கன்னிருப்பா. அதான் மீட்டிங்குன்னு ஒரு பொய்யச் சொன்னேன். என் ஆயுசுக்கும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் வே."

சுவரோரத்தில் படக்கென்று சத்தம் கேட்டது. பேக் நெற்றியிலிருந்து தாடைவரை வெடித்திருந்தது. வெள்ளரிக்காய் இரண்டும் கீழே விழுந்தன. குற்றாலிங்கம் எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்கத்தான்," என்றான்.

அண்ணாச்சி முகத்தில் ஒரு கன்னத்தில்தான் நுரை இருந்தது. அடுத்த கன்னமும் அதே நிறத்துக்கு வந்தது.

"மாப்ள, அவ்வளவும் புளுகு. சத்தியமா நான் கடலையே பாக்கல. ஹால்ல ஜன்னல்கூடக் கெடயாது. வே கோயில்பிள்ளை, நீரே சொல்லும், இதுல ஒண்ணாவது நம்புற மாதிரியா இருக்கு?"

கோயில்பிள்ளை முப்பது வருஷம் டிக்கெட் வாங்காதவனைப் பிடித்த மனுஷன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து நிதானமாக மாட்டினார்.

"நான் ஒரு எழுத்து விடாம நம்புதேன் தம்பி. விலாங்கு உட்பட. உங்க அத்தான் பொய் சொல்லுத ஆளு இல்ல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கத்தியைத் தீட்டப் போய்விட்டேன்.

குற்றாலிங்கம் கன்னத்திலிருந்து பச்சைத் துண்டு ஒன்றைப் பிய்த்துப் பார்த்தான். "அக்கா கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராதுத்தான். கோழி வேற அடிச்சிருப்பா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தத் திமிங்கிலத்து மேல ரெண்டு பேர் உக்காரலாமா?"

அண்ணாச்சி கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார்.

"நாலு பேர் உக்காரலாம் மாப்ள," என்றார் மெல்லிய குரலில். "நானும் உங்க அக்காவும், நீங்களும், இன்னைக்குப் பாக்கப் போற பொண்ணும் சேத்து. அடுத்த வருஷம் எல்லாரும் போவோம்."

அன்று காலையில் அவர் சொன்னதில் யாருமே குறுக்கே பேசாதது அது ஒன்றுதான்.