ஏழாவது தப்பு

வெண்குன்றூர் மடத்துக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது சீடர்களின் பொறுப்பு. பதினோரு வருடமாக அதைச் செய்துவந்தவர் மாசிலாமணி. குன்றின் மேல் சமணர் படுக்கை, ஏரி மதகு, செங்கல்லால் வட்டமாகக் கட்டிய பழைய நெற்களஞ்சியம். எதைக் கேட்டாலும் ஆண்டும் அரசனும் அவருக்கு நுனிநாக்கில் இருக்கும்.

பிறகு இடும்பன் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். கல்வெட்டில் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே இடும்பன் இருக்கிறாரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்குப் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் போகும். மாசிலாமணிக்குப் பின்னால் நாலு பேர்.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் இடும்பன் அவரிடம் வந்து, களஞ்சியம் யார் காலத்தது என்று கேட்டார். அது நாயக்கர் காலத்தது என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

"சோழர் காலம்" என்றார், வாய் கூசாமல்.

அன்றைக்கே போய் அம்மையாரைப் பார்த்தார். மடத்தின் தலைவியான அவர் மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இடும்பன் எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகச் சொல்கிறார், அவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார் மாசிலாமணி.

அம்மையார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"வருகிற ஞாயிறு அவர் கூடவே போங்கள். தப்புகளை எண்ணிக்கொண்டு வாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி கூட்டத்தின் கடைசியில் நடந்தார். குன்றிலிருந்து இறங்குவதற்குள் நாலு தப்பு. மதகடியில் இரண்டு. ஒவ்வொன்றும் அவருக்கு இனித்தது.

களஞ்சியத்தின் முன்னால் நின்று, இது சோழர் காலத்தது என்றார் இடும்பன். கூட்டத்திலிருந்த வாத்தியார் ஒருவர் மறுத்தார். கட்டிய விதத்தைப் பார்த்தாலே நாயக்கர் காலம் என்று தெரிகிறதே என்றார். சிலர் சிரித்தார்கள்.

இடும்பன் கைகூப்பினார். "தப்பாச் சொல்லிட்டேங்க. சார் சொன்னதையே எல்லாரும் மனசுல வச்சுக்கங்க."

யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. மாசிலாமணி இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

அப்புறம் எல்லாரையும் உள்ளே கூட்டிப்போய், பேசாமல் நிற்கச் சொல்லி, ஒரு தடவை கைதட்டினார். சத்தம் உச்சிக்கு ஏறி, சுவரைச் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் அம்மையார் கேட்டார்.

"எத்தனை?"

"ஏழு." மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். "ஏழாவது என்னுடையது அம்மா. தெரிந்தே மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன்."

"அவரிடம் சொன்னீர்களா?"

"திரும்பி வரும் வழியில் சொன்னேன். 'சரிண்ணே, அந்த மத்த ஆறையும் சொல்லிக் கொடுங்க' என்றார்."

அம்மையார் மறுபடி கேட்டார்.

"பொறாமை போயிற்றா?"

"இல்லை அம்மா. கூடியிருக்கிறது."

"எதனால்?"

"பதினோரு வருடமாக அந்தக் களஞ்சியத்துக்குள் போய் வருகிறேன். ஒரு நாள்கூட எனக்குக் கைதட்டத் தோன்றவில்லையே."

அம்மையார் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த களஞ்சியத்துச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். போய்த் தட்டிப் பாருங்கள்."