காயாத சித்திரம்

ஏழு மலைக்கும் யாரும் பேர் வைக்காத காலத்தில், வேங்கைபுரம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. பேருக்குத்தான் அங்கே ராஜா. ஆட்டிவைத்தவன் சூலகண்டன் என்கிற மந்திரவாதி.

தன் முன்னால் தலை குனியாதவர்களைப் பிடித்துவந்து கல்மண்டபத்தில் நிறுத்துவான். அவர்களை எண்ணெய் வண்ணத்தில் அச்சு அசலாக வரையச் சொல்வான். வரைந்து முடித்ததும், ஓவியருக்கு எதிரே நின்றவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வண்ணம் காய்ந்ததோ, போச்சு! ஆள் படத்துக்குள்ளே. இப்படி நாற்பது பேர் சுவரில் தொங்கினார்கள். மந்திரம் போட்டவனே படத்துக்குள் போனால்தான் அவர்களுக்கு விடுதலை என்று ஊரே பேசிக்கொண்டது. அவனா மாட்டுவான்? எந்த ஓவியர் வரைந்தாலும் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பான், படுபாவி!

ஒரு நாள் அவன் பல்லக்கு போனபோது பூமயில் என்கிற பெண் குனியவில்லை. இழுத்துக்கொண்டு போனார்கள். வரைய யாரைக் கூப்பிட்டான் தெரியுமா? அவளுடைய அக்கா வஞ்சிக்கொடியையே!

“வரைய மாட்டேன்,” என்றாள் வஞ்சிக்கொடி.

“நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன் வரைகிறான். மூன்றே நாளில் காய்ந்துவிடுவாள்.”

வஞ்சிக்கொடி தங்கையைப் பார்த்தாள். தங்கையை இன்னொருவன் கையில் விடுவதா?

“வரைகிறேன். ஆனால் அவள் நிமிர்ந்து நிற்கிறாளே, அப்படியேதான் வரைவேன்.”

“உள்ளது உள்ளபடி வரை! ஒரு தூசி விட்டுப்போனாலும் விரலை வெட்டுவேன்.”

வஞ்சிக்கொடி இரண்டு கிண்ணங்களில் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். மண்டபத்துக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. தூரம் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் தளக்கற்களை வரைந்தாள். சன்னல் வெளிச்சத்தை வரைந்தாள். பூமயிலை வரைந்து, காலடியில் நிழலும் வைத்தாள். நிழல் இல்லாவிட்டால் உருவம் தரையில் நிற்காதே! எதிரே இருந்த வழவழப்பான கருங்கல் தூணை வரையும்போது அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு உள்ளது உள்ளபடி வரைந்து முடித்தாள்.

“அக்கா, கால் அசையவில்லை!”

“பயப்படாதே. குனியாமல் நில்லு, அது போதும்.”

முதல் நாள் காலை சூலகண்டன் வந்து, படத்திலிருந்த பூமயிலின் சேலையைத் தொட்டான். விரலில் சிவப்பு. “காயவில்லையே!”

“காயவில்லை,” என்றாள் வஞ்சிக்கொடி.

இரண்டாம் நாளும் தொட்டான். விரலில் சிவப்பு. “காயவில்லையே!”

“காயவில்லை.”

மூன்றாம் நாளும் அதே சிவப்பு. அவனுக்கு ரத்தம் கொதித்தது. “தளம் காய்ந்துவிட்டது, சன்னல் காய்ந்துவிட்டது, இவள் மட்டும் ஏன் காயவில்லை?”

“மண்டபத்துக்கு ஆளிவிதை எண்ணெய், காற்றுப் பட்டால் இறுகிவிடும். என் தங்கைக்கு விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் எந்தக் காலத்தில் காய்ந்திருக்கிறது?”

“என்னையா ஏமாற்றினாய்?”

“ஆமாம், உன்னைத்தான்! நீ சொன்ன வேலையிலும் குறை வைக்கவில்லை. ஒரு தூசி விடவில்லை. அந்தத் தூணைப் பார்.”

பார்த்தான். படத்திலிருந்த கருங்கல் தூணுக்குள், கட்டைவிரல் உயரத்தில் ஒருவன் நின்றிருந்தான். அதே தலைப்பாகை, அதே மீசை. வஞ்சிக்கொடியின் முதுகுக்குப் பின்னால் அவன் நின்றது எதிரிலிருந்த தூணில் அப்படியே தெரிந்திருக்கிறது!

“ஐயோ! இது எந்த எண்ணெய்?”

“ஆளிவிதை. உன் கண்ணில் கெட்டியாக வைத்த வெள்ளைப் புள்ளி மட்டும்தான் இவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது.”

அழித்துவிடலாம் என்று பாய்ந்து தேய்த்தான். விரலைத் தூக்கிப் பார்த்தான்.

ஒன்றும் ஒட்டவில்லை.

ஆளைக் காணோம்! அவன் கைத்தடி மட்டும் டணார் என்று கீழே விழுந்தது. சுவரிலிருந்து நாற்பது பேரும் கைகால் உதறிக்கொண்டு இறங்கினார்கள். பூமயில் கால் எடுத்து ஓடிவந்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு ஒரு துணியை எடுத்து, படத்திலிருந்த தங்கையைச் சுத்தமாகத் துடைத்தாள். தூணில் கை வைக்கவில்லை.

வேங்கைபுரத்துப் பிள்ளைகள் இன்றும் மண்டபத்துக்குப் போய் அவனுக்குப் பழிப்புக் காட்டிவிட்டு வருகிறார்கள். அவ்வளவு சின்ன உருவத்தைப் பார்க்கக் கொஞ்சம் குனிய வேண்டும். அதனாலேயே பூமயில் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.